ஒரு மண்டலம் செவ்வாழை சாப்பிட்டும் அசதி போகவில்லையே?

(வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்)

கேள்வி: எனக்கு 39 வயது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆறேழு மாதமாக ஒரே அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விடியற்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. ரொம்பப் பிடித்த சீரியலைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு மண்டலம் செவ்வாழை சாப்பிட்டால் உடல் அசதியும் மனச்சோர்வும் அண்டாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, மாமியார் தினமும் சாயங்காலம் மறக்காமல் பழம் வாங்கி வந்தார். 48 நாளும் முடிந்துவிட்டது. ஒரு மாற்றமும் இல்லை. ‘நீ மனசு வெச்சு சாப்பிட்டிருக்க மாட்ட’ என்கிறார் கணவர். இன்னொரு மண்டலம் தொடரலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு. உங்கள் மனைவி சாப்பிட்ட விதத்தில் எந்தக் குறையும் இல்லை, ஐயா. அந்தப் பழத்தால் ஆகாத வேலையை அதனிடம் எதிர்பார்த்திருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அவரைக் குறை சொல்லாதீர்கள். இப்படிக் குறிப்புகளை அனுப்புகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் வருவதே இதனால்தான். பலன் கிடைக்காதபோது பழி நோயாளியின் தலையில் விழுகிறது. அதற்குள் பரிசோதனை செய்திருக்க வேண்டிய மாதங்களும் ஓடிவிடுகின்றன.

செவ்வாழை நல்ல பழம்தான். மஞ்சள் பழங்களைவிட அதில் பீட்டா கரோட்டின் கூடுதல். பொட்டாசியம், பி6, நார்ச்சத்து எல்லாம் உண்டு. ஒரு பழம் சாப்பிட்டால் நூறு கலோரிக்கு மேல் கிடைக்கும். மதியம் சரியாகச் சாப்பிடாமல் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு அது உடனே கொஞ்சம் தெம்பு தரும். ஆனால் அது பசிக் களைப்புக்குத்தான் சரி. உங்களுடையது அது இல்லை.

சகோதரி, மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நேரில் வந்திருந்தால் நான் கேட்டிருக்கும் முதல் கேள்வி அதுதான். எத்தனை நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறதா, இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? இதைக் கேட்டுக்கொண்டே கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்ப்போம். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தசோகை இருக்கலாம். படியேறும்போது மூச்சு வாங்குவதும் அதைத்தான் சந்தேகிக்க வைக்கிறது. இது அபூர்வமான நோய் ஒன்றும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேல்!

இதற்குப் பழம் போதாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். வாழைப்பழத்தில் நூறு கிராமுக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் மாத்திரை வேண்டும். ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். மாத்திரை போட ஆரம்பித்ததும் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். பயப்பட ஒன்றுமில்லை, இரும்புச்சத்தால் அப்படி ஆகிறது. காபி, டீ, பாலோடு சேர்த்து மட்டும் விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் மாத்திரையைச் சில மாதங்கள் தொடரச் சொல்வோம். உடலின் சேமிப்பும் நிரம்ப வேண்டும் அல்லவா?

ரத்தம் எடுக்கும்போதே தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் அசதியோடு மனமும் சோர்ந்துபோகும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால், அல்லது கை கால் மரத்துப்போகிறது என்றால், பி12 சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்ததாக, விடியற்காலை முழிப்பு, அழுகை, பிடித்ததிலும் நாட்டமின்மை. இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இருந்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கோ மாதக்கணக்கில் இருக்கிறது. ரத்தச் சோதனை முடிவு வரட்டும் என்று இதற்காகக் காத்திருக்க வேண்டாம். அதே வாரத்தில் மனநல மருத்துவரையும் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்குப் புறநோயாளிப் பிரிவு உண்டு. அவர்கள் தருவது தூக்க மாத்திரைதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது. சிலருக்கு மருந்தே தேவைப்படாது, பேச்சுவழிச் சிகிச்சையே போதும்.

ஒன்றை வெளிப்படையாகவே கேட்கிறேன். ‘செத்துப்போனால் தேவலை’ என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? வந்தால் இன்றைக்கே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மாமியாரிடம் பழத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உங்களுக்காகத் தினமும் கடைக்குப் போய் வருகிறார். ஆஸ்பத்திரிக்கும் அவரையே துணைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: வாழைப்பழத்தில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் இருக்கிறது, அதனால்தான் அதைச் சாப்பிட்டால் மனச்சோர்வு வராது என்று ஒரு கருத்தரங்கில் கேட்டேன். உண்மையா, டாக்டர்?
— நர்சிங் மாணவி, தேனி

பதில்: முதல் பாதி உண்மை. வாழைப்பழத்தில் செரட்டோனின் இருப்பது 1958-லேயே ஆய்விதழில் வெளிவந்த செய்தி. சதையைவிடத் தோலில் அதிகம். ஆனால் சாப்பிட்ட செரட்டோனின் மூளைக்குப் போய்ச் சேராது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அதனால் தாண்ட முடியாது. உடலில் உடைந்து சிறுநீரில் வெளியேறிவிடும். வார்டில் இதை நீங்களே பார்க்கலாம். செரட்டோனினைச் சுரக்கும் கார்சினாய்டு கட்டி என்று சந்தேகம் வந்து 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கும்போது, வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் சாப்பிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். சாப்பிட்டால் கட்டியே இல்லாதவருக்கும் சிறுநீரில் செரட்டோனின் கழிவின் அளவு கூடுதலாகக் காட்டும்.

மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினை டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 240 மில்லிகிராம் டிரிப்டோபன் தேவை. நூறு கிராம் வாழைப்பழம் தருவது பத்து மில்லிகிராம் போலத்தான். ஒரு முட்டையில் எண்பது இருக்கிறது. அதற்காக முட்டை சாப்பிட்டாலும் மனச்சோர்வு வராது என்று சொல்லிவிட முடியாது. முட்டையிலுள்ள மற்ற அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாகத்தான் மூளைக்குள் நுழையப் போட்டி போடும்.

உணவுக்கும் மனதுக்கும் சம்பந்தமே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2017-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மனச்சோர்வு நோயுள்ள 67 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரம் உணவு ஆலோசனை: காய்கறி, பழம், முழுதானியம், பயறு, கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் எல்லாம் அதிகம்; இனிப்பும் பொரித்ததும் குறைவு. இன்னொரு குழுவுக்குப் பேச்சுத்துணை மட்டும். முதல் குழுவில் மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது. அடுத்ததில் 8 சதவீதம் பேருக்கு. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் சிறிய ஆய்வு. யாருக்கு எது கிடைக்கிறது என்பதும் அவரவருக்குத் தெரியும். தவிர, அவர்கள் மாற்றியது மொத்தச் சாப்பாட்டையும், ஒரு பழத்தை மட்டும் அல்ல. பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ மனநல ஆலோசனையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளியான என் அப்பாவுக்கு அசதிக்காகத் தினமும் செவ்வாழை கொடுக்கிறோம். சரியா?
— வாசகர், நாமக்கல்

பதில்: அசதியே சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி சோதனையை முதலில் செய்யுங்கள். செவ்வாழை என்பதால் சர்க்கரை ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் வாழைப்பழத்தின் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். அந்த ரிப்போர்ட் கைக்கு வரும்வரை பழத்தை நிறுத்தி வையுங்கள்.