கணினிக் கேள்வி பதில்: பாதியில் அறுந்துபோகும் குளோன்

கேள்வி: வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து மென்பொருள் வேலை செய்கிறேன். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் எங்கள் ரெப்போ, அதாவது ஃபைல்களும் அவற்றின் வரலாறும் சேர்ந்த களஞ்சியம், இருக்கிறது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஃபைல்கள். புது லாப்டாப்பில் குளோன் (ரெப்போவின் பிரதி) போட்டால் பாதியில் லைன் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மூன்று இரவு வீணாகிவிட்டது. பழைய லாப்டாப்பில், என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தாலே அரை நிமிடம் பிடிக்கிறது. என்ன செய்யலாம், சேர்?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தங்கச்சி, உங்கள் மூன்று இரவும் எனக்குப் புரிகிறது. கல்லடியில் நான் வேலை பழகிய நாட்களில், டொங்கிளில் இறக்கிய ஒரு ரெப்போ முடியும் தறுவாயில் கரண்ட் போய், விடிய விடிய முழித்தது எல்லாம் வீணானது. கிட் குளோன் இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. ஆகவே திரும்பத் திரும்ப முயல்வதை நிறுத்துங்கள்.

முழு வரலாறும் உங்கள் பழைய லாப்டாப்பிலேயே இருக்கிறதே! அந்த ஃபோல்டரை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, புது லாப்டாப்பில் அதிலிருந்து குளோன் போடுங்கள். இதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். அப்புறம் 'கிட் ரிமோட் செட்-யூஆர்எல்' மூலம் முகவரியைக் கம்பனி சேர்வருக்கு மாற்றி, ஃபெட்ச் கொடுங்கள். இடையில் சேர்ந்த புது மாற்றங்கள் மட்டும்தான் லைனில் வரும். ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டாஷில் (முடிக்காமல் தற்காலிகமாக ஒதுக்கி) வைத்த வேலை இப்படிக் குளோன் போட்டால் வராது. முதலில் அதை ஒரு பிராஞ்சில் (தனிக் கிளையில்) கமிட் பண்ணி, அதாவது வரலாற்றில் பதிந்து, விடுங்கள்.

பழைய பிரதி கையில் இல்லாத நண்பர்களுக்கு 'பிளாப் நன்' ஃபில்டர் போட்ட குளோனைச் சொல்லுங்கள். கமிட் வரலாறு முழுதும் வரும். பழைய ஃபைல்களின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும். பலரும் கடைசி கமிட்டை மட்டும் இறக்கும் 'டெப்த் 1' போடுகிறார்கள். தினமும் வேலை செய்கிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். வரலாறு வெட்டுப்பட்டு, ஒரு வரியை யார் எப்போது மாற்றினார் என்று தேட முடியாமல் போகும். ஆனால் ஃபில்டர் குளோனில் அப்படித் தேடும்போது லைன் இருக்க வேண்டும். கரண்ட் வெட்டு அறிவித்த நாளில் தேவையானதை முன்கூட்டியே திறந்து பார்த்து வைப்பது நல்லது.

சரி, ஸ்டேட்டஸ். ஒவ்வொரு தடவையும் கிட் அத்தனை ஃபைல்களையும் தொட்டுப் பார்க்கிறது, அதனால்தான் தாமதம். விண்டோஸ் அல்லது மாக் என்றால், 2022இல் வந்த கிட் 2.37 முதல், ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்கும் 'கோர் எஃப்எஸ்மானிட்டர்' (core.fsmonitor) உள்ளேயே இருக்கிறது. அதையும், கிட்டில் சேர்க்காத ஃபைல்களை நினைவில் வைக்கும் 'அன்ட்ராக்ட் கேஷ்' (core.untrackedCache) என்பதையும் அமைப்பில் 'ட்ரூ' (true) ஆக்குங்கள். எந்த ஃபைல் மாறியது என்று இயங்குதளமே சொல்லிவிடும். முதல் தடவை மெதுவாக இருக்கும், பயப்படாதீர்கள்.

அதைவிடப் பெரிய பலன் 'ஸ்பார்ஸ்-செக்அவுட்' தரும். இரண்டு லட்சத்தில் நீங்கள் தொடுவது இரண்டு மூன்று ஃபோல்டர்களாகத்தான் இருக்கும். அவை மட்டும் டிஸ்க்கில் இருந்தால் போதும். 2017இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் 35 லட்சம் ஃபைல்களை, 300 ஜிகாபைட் அளவில், கிட்டுக்குள் கொண்டுவந்தபோதும் வழி இதேதான்: தேவைப்பட்டதை மட்டும் இறக்குவது. அந்த அனுபவத்தில் பிறந்த, பெரிய ரெப்போக்களுக்கான 'ஸ்கேலர்' கருவி கிட் 2.38இலிருந்து கிட்டோடு சேர்ந்தே வருகிறது.

புது லாப்டாப்பில் ஃபெட்ச் முடிந்து, உங்கள் பிராஞ்சுகள் எல்லாம் சரியாகத் தெரியும்வரை பழைய லாப்டாப்பை ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள்.