வரப்புல மரம் இருந்தும் மண்ணு அறுத்துட்டுப் போகுதே, ஏன்?

கேள்வி: நம்மது சரிவு நிலம். வரப்போரமா வச்ச மரமெல்லாம் நல்லா வளந்துருச்சு, அடியில புல்லு பூண்டு இல்லாம சுத்தமா வச்சிருக்கேன். ஆனா பெருமழை பேஞ்சா மரத்துக்கு மரம் நடுவுல மண்ணு அறுத்துட்டுப் போயிருது. வேர் மண்ணைப் பிடிக்கும்னு சொல்றாங்களே, ஏன் பிடிக்கல சார்?

பதில்: வணக்கங்க. மரத்து மேல தப்பில்ல, நீங்க சுத்தம் பண்ணுன அந்தப் புல்லுதான் அங்க வேலை பாக்க வேண்டியது. மரத்தோட தடி வேரு சரிவு மொத்தமா சரிஞ்சு விழாம பிடிச்சு வைக்கும், அதுக்கு மரம் வேணும், ஆனா ஓடுற தண்ணி அரிக்கிறது மேல்மண்ணைத்தான், அதைக் கட்டி வைக்கிறது நூல் மாதிரி மெல்லிசா இருக்குற புல்லோட சல்லி வேரு. அந்த வேர்ல கசியுற பசையும் அதோட ஒட்டி வாழுற பூஞ்சை இழையும் சேந்து மண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாத் திரட்டி வைக்கும், தண்ணி பட்டாலும் அது சட்டுனு கரையாது. வேரு செத்தாலும் அது இருந்த ஓட்டை வழியா மழைத்தண்ணி உள்ள இறங்கும், அதனால தரை மேல ஓடுற தண்ணி கொறையும்.

இன்னொண்ணு, உசரமான மரத்து இலைல சேந்து சொட்டுற சொட்டு பெருசா இருக்கும், வெறுந்தரைல விழுந்தா மண்ணைச் செதறடிச்சிரும். அதனால உதிர்ந்த இலையக் கூட்டி அள்ளாதீங்க, தரைய மூடி இருக்கட்டும்.

இப்ப மழை ஆரம்பத்துல வெட்டிவேர் தூரைப் பிரிச்சு, சரிவுக்குக் குறுக்க சம உயரக் கோட்டுல (ஏத்த இறக்கம் இல்லாம ஒரே மட்டத்துல போற வரிசைல) 10-15 சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு நெருக்கமா நடுங்க. நடுவுல சந்து விட்டீங்கன்னா தண்ணி அங்க கூடி இன்னும் வேகமா அறுக்கும், செத்துப் போன தூருக்குப் பதில் உடனே வேற நட்டுருங்க. வெட்டிவேர்ச் செடியோட வேரு பக்கத்துல பரவாம நேரா 2, 3 மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கும், பயிரோட போட்டி கம்மி. அருகம்புல்லும் மண்ணைப் பிடிக்கும்தான், ஆனா வயலுக்குள்ள பூந்துட்டா ஒழிக்கிறது பெரிய ரோதனை, அதை நடச் சொல்ல மாட்டேன். அப்புறம் வெட்டிவேருக்குக் காசு கிடைக்குதுன்னு வரப்புல நட்டதத் தோண்டிறாதீங்க, அது வேணும்னா தனி இடத்துல போடுங்க!

களைய இனிமே வேரோட புடுங்காம தரைக்கு மேல அறுத்து அங்கயே போடுங்க. ஏற்கனவே பள்ளம் ஆழமா விழுந்திருந்தா வேரு மட்டும் பத்தாது, குறுக்க கல்லு அடுக்கி தண்ணி வேகத்தைக் கொறச்சுட்டு அப்புறம் நடுங்க, பள்ளம் எவ்வளவு ஆழம்னு அளந்து சொல்லுங்க.