சேர்த்துவைக்காதது யார் குற்றம்?

கேள்வி: சினிமாவில் லட்சம் லட்சமாகச் சம்பாதித்தவர்கள் வயதான காலத்தில் மருத்துவச் செலவுக்குக் கையேந்துகிறார்கள். வருமானம் வந்தபோது சேர்த்துவைக்காதது யார் குற்றம்? மற்றவர்கள் ஏன் இவர்களுக்கு உதவ வேண்டும்?
– வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: முதலில் அந்த ‘லட்சம் லட்சமாக’ என்பதைத் திருத்திக்கொள்ளுங்கள், ஐயா. சுவரொட்டியில் முகம் பெரிதாகத் தெரிகிற சிலருக்குத்தான் அது பொருந்தும். உதவி கேட்டு வருபவர்கள் அவர்கள் அல்லர். கதாநாயகியின் சித்தப்பாவாக, டீக்கடைக்காரராக, கோர்ட் குமாஸ்தாவாக வந்து நாலு வசனம் பேசிவிட்டுப் போகிறாரே, அவர்தான் வருகிறார். அவர் முகம் உங்களுக்கு நன்றாகத் தெரியும்; பெயர் தெரியாது.

அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேலை இருக்கும் நாளுக்குத்தான் காசு. விடியற்காலையில் மேக்கப் போட்டு உட்கார்ந்தால் அவருடைய காட்சி மாலையில் எடுக்கப்படலாம், மறுநாளுக்குத் தள்ளிப்போகலாம், எடுத்த பிறகு எடிட்டிங்கில் காணாமலும் போகலாம். முன்பணம் போக மீதியை டப்பிங்கின்போது தருவதாகச் சொல்வார்கள். பெரிய நடிகர் பாக்கி வந்து சேராமல் மைக் முன்னால் நிற்கமாட்டார். சின்ன நடிகர் அப்படிப் பிடிவாதம் பிடித்தால் வேறொரு குரலைப் போட்டுப் படத்தை முடித்துவிடுவார்கள். படமே பாதியில் நின்றுவிட்டால் அந்தப் பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது? அடுத்த மாதம் வேலை உண்டா இல்லையா என்று தெரியாதவரிடம் போய், ஏன் சேமிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நடிகைகள் நிலை இன்னும் கடினம். நாற்பதைத் தொடுவதற்குள் அண்ணி, அம்மா வேடங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

திறமை இருந்தால் வாய்ப்பு தானாக வரும் என்று நினைக்கிறீர்களா? நாகேஷை நினைத்துப் பாருங்கள். ரயில்வே வேலையில் இருந்துகொண்டே நாடகம் போட்டவர். 1964-ல் ‘சர்வர் சுந்தரம்’, 1965-ல் ‘திருவிளையாடல்’ தருமி. அப்படிப்பட்டவருக்கே பின்னாளில் வேலை சுருங்கியது. 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் வில்லனாகத் திரும்பி வந்தார். 1994-ல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக வந்தார். ஒரு வசனம் கிடையாது, ஒரு அசைவு கிடையாது, ஆனாலும் அந்தக் காட்சியில் கண் அவரை விட்டு நகராது. அதே ஆண்டு வந்த ‘நம்மவர்’ அவருக்குத் துணை நடிகருக்கான தேசிய விருதைத் தந்தது. நடுவில் இருந்த அந்த ஆண்டுகளில் அவருடைய நடிப்பு எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. கூப்பிடத்தான் ஆளில்லை.

டெல்லி கணேஷ் சமாளித்தாரே என்பீர்கள். உண்மைதான். விமானப்படையில் பத்து ஆண்டுகள், பிறகு மேடை, 1977-ல் ‘பட்டினப்பிரவேசம்’, 2024 நவம்பரில் மறையும்வரை நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அவரைப்போல நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் விடாமல் கூப்பிடப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தருமி மண்டபத்தில் நின்று புலம்பும் காட்சியைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? ஒவ்வொரு முறையும் விளம்பரம் வருகிறது, பணம் வருகிறது. நம் சினிமா வழக்கத்திலோ நடிகரின் கணக்கு படப்பிடிப்போடு முடிந்துவிடுகிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ராயல்டியை உரிமையோடு கேட்கிறார்கள். நடிகர்களும் அப்படிக் கேட்கும் நாள் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் இதற்காகவே 1960-ல் நடிகர்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று அவர்களுடைய சங்கத்தின் தலைவர், பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். அதன் பிறகு எடுக்கப்படும் சினிமாப் படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டால் நடிகருக்கும் பங்கு என்று முடிவாயிற்று. ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்குமான நிதிக்காகத் தயாரிப்பாளர்களிடமிருந்து 22.5 லட்சம் டாலர் வாங்கினார்கள். பழைய படங்களில் நடித்தவர்களுக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறை அங்கேயும் நெடுநாள் இருந்தது.

நம் நடிகர் சங்கம் 1952-லிருந்து இருக்கிறது. நலிந்தவர்களுக்கு அது தரும் உதவியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒப்பந்தத் தாளில் இந்த ஒரு வரியை எழுதவைக்க அது போராட வேண்டும்: மறுபடி விற்றால் மறுபடி பங்கு. இரண்டு காட்சியில் வந்தவருக்கும் அது உண்டு என்று இருக்க வேண்டும். நீங்கள் ‘கையேந்துகிறார்’ என்று எழுதிய அந்த நடிகரின் படம் இன்றிரவும் ஏதோ ஒரு சேனலில் ஓடும், ஐயா. அந்தப் பணத்தில் அவருக்குப் பங்கு வந்துகொண்டிருந்தால், மருத்துவச் செலவுக்கு அவர் யார் வாசலிலும் நின்றிருக்கமாட்டார்.