கடைக்காரருக்கு மந்திரம் போடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறவர்களிடமிருந்து. கற்பனை உலகில் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு அது. எல்லோரும் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஆடுகிறார்கள். கொடுக்கல் வாங்கல் எங்கே நடந்தாலும் இந்தப் பகுதிக்கு உரியதுதான்.

கே: என் மந்திரவாதி 'சார்ம் பெர்சன்' என்ற மயக்கும் மந்திரம் போட்டு ஒரு வாளைப் பாதி விலைக்கு வாங்கினான். ஒரு மணித்தியாலம் கழித்துக் கடைக்காரர் காவலர்களோடு வந்துவிட்டார் என்கிறார் ஆட்டத்தை நடத்தும் டன்ஜியன் மாஸ்டர். யாருக்கும் அடி விழவில்லையே, இது நியாயமா? (வெள்ளவத்தை)

ப: நியாயம்தான். அந்த மந்திரம் ஒரு மணித்தியாலம்தான் நிற்கும். முடிந்ததும், தன்னை மயக்கியது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். விதியிலேயே இருக்கிறது.

பேரம் என்றால் என்ன? புறக்கோட்டையில் அவர் 2000 என்பார், நீங்கள் 1500 என்பீர்கள். நாலு அடி நடப்பீர்கள், அவர் கூப்பிடுவார், 1700இல் முடியும். இரண்டு பேருக்கும் 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறது. கடைக்காரரிடமிருந்து உங்கள் மந்திரவாதி பறித்தது அதைத்தான். பாதிக் காசைக் கொடுத்தீர்கள், மீதியைத் திருடினீர்கள். கத்தியைக் காட்டிப் பறித்திருந்தால் அவர் உங்களை வெறுத்திருப்பார். இங்கே ஒரு மணித்தியாலம் உங்களைச் சிநேகிதன் என்று நம்பியிருந்தார், அது இன்னும் மோசம். 'கற்பனைக் கடைக்காரர்தானே' என்று இதைச் சிரித்துவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பொறுக்காது. அவருக்கும் கடை வாடகை இருக்கிறது என்று நினைத்து ஆடினால்தான் அந்த ஊர் ஊராக இருக்கும். மீதிக் காசைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கே: குணமாக்கும் மருந்து என்று சொல்லி 50 பொற்காசுப்படி ஐந்து போத்தல் விற்றார்கள். சண்டை நடுவில் குடித்தால், அது சுவர் ஏறும் மருந்து. (தெஹிவளை)

ப: ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலே என்ன மருந்தென்று தெரியும். ஐந்து வாங்கியும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையா?

கே: பொருளின் தன்மையைக் காட்டும் 'ஐடென்டிஃபை' மந்திரம் போட்டுப் பார்த்துத்தான் மோதிரம் வாங்கினேன். சாபம் இருந்திருக்கிறது. என் பிழையா? (கொட்டாஞ்சேனை)

ப: இல்லை தங்கச்சி. பெரும்பாலான சாபங்கள் அந்த மந்திரத்துக்கு அகப்படாது. நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறீர்கள். தெரிந்தே மறைத்தவர்தான் பொறுப்பு. சாபத்தை நீக்கும் செலவையும் அவரிடமே கேளுங்கள்.

கே: என் வியாபாரி, கேடயத்தின் விரிசலை 'மைனர் இல்யூஷன்' என்ற மாயத்தோற்ற மந்திரம் போட்டு மறைத்து விற்கிறான். அலங்காரம்தானே? (பம்பலப்பிட்டி)

ப: அக்காவின் கலியாணத்துக்கு ஒரு கடையின் மஞ்சள் வெளிச்சத்தில் மெரூன் என்று சேலை வாங்கினேன். வீட்டு முற்றத்தில் விரித்தால் மண்ணிறம். மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். அக்கா அதையே உடுத்தாள், ஒரு சொல் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வெளிச்சத்தை நான் மன்னிக்கவில்லை. உங்கள் மாயம் ஒரே ஒரு நிமிடம் நிற்கும், வாங்கியவர் அந்தக் கேடயத்தை நம்பிச் சண்டைக்குப் போவார். 'மெண்டிங்' போட்டு விரிசலை ஒட்டி விற்றால் அது உழைப்பு, அதற்குக் கூலியும் கேட்கலாம்.

கே: இணையத்தில் பகடைத் தொகுதி வாங்கினேன். 7 என்றார்கள், 6தான் வந்தது. ஒரு மாதமாகப் பதிலே இல்லை. (மட்டக்குளி)

ப: பற்றுச்சீட்டையும் உரையாடலையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கே: கடைக்காரரை, பொய் சொல்லவிடாத 'சோன் ஆஃப் ட்ரூத்' மந்திர வட்டத்துக்குள் நிறுத்தி விலை பேசலாமா? (வத்தளை)

ப: அவர் சம்மதித்தால் பேசுங்கள். நீங்களும் உள்ளே நில்லுங்கள், 15 அடி ஆரம், இடம் இருக்கிறது.