ராணுவத்தில் 'சாப்பர்' என்றால் யார்? சண்டை போடாதவருக்கு வீரப் பதக்கம் எப்படிக் கிடைக்கிறது?

சாப்பர் என்பவர் ராணுவப் பொறியாளர். பாலம் போடுவது, பாதை திறப்பது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் அவர் வேலை.

புயலில் சாலையின் குறுக்கே மரம் விழுந்தால் ஆம்புலன்ஸ் நின்றுவிடும், அரிவாளோடு ஒருவர் இறங்கி வெட்டும்வரை. போரில் அந்த மரத்தை எதிரியே வெட்டிப் போடுகிறான், அடியில் கண்ணிவெடி புதைக்கிறான், அப்புறம் மேட்டில் துப்பாக்கியோடு காத்திருக்கிறான். வெட்டுபவரின் இரண்டு கையும் வேலையில் இருக்கும். திருப்பிச் சுட முடியாது. பதக்கத்துக்குக் காரணம் இதுதான்.

இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவான பம்பாய் சாப்பர்ஸைச் சேர்ந்த ராமா ராகோபா ராணேயைப் பாருங்கள். 1948 ஏப்ரலில், பாகிஸ்தானுடனான காஷ்மீர் போரில், ஜம்மு பகுதியிலுள்ள நௌஷேராவிலிருந்து ரஜௌரிக்கு டாங்கிகள் போக வேண்டும். ஏப்ரல் 8 அன்று விழுந்த மோர்ட்டார் குண்டில் அவருடைய ஆட்கள் இருவர் இறந்தார்கள், அவருக்கும் காயம். விலகவில்லை. டாங்கியின் அடியில் ஊர்ந்துகொண்டே, கயிற்றை இழுத்து ஓட்டுநருக்கு 'நில், போ' என்று சைகை கொடுத்துப் பாதை திறந்தார். தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பு, விரலுக்குக் கீழே கண்ணிவெடி. நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சாலையை அடைத்த பைன் மரங்களையும் வெடிவைத்து அகற்றினார். டாங்கிகள் போய்ச் சேர்ந்தன.

அவருக்குக் கிடைத்தது போர் வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த பதக்கமான பரம் வீர் சக்ரா. அது இறந்தவர்களுக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ராணே அதைப் பெற்று 1994 வரை வாழ்ந்தார்.