உப்புத் தண்ணீரில் காய்கறி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வேதாரண்யம் பக்கம் நம்ம தோட்டம். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்ததில் ஈசி (தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்தல் அளவு) 2.5. தக்காளி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம் தம்பி. தக்காளி தண்ணீரில் ஈசி 1.7 வரை சேதமில்லாமல் தாங்கும், உங்கள் அளவுக்குப் பத்துப் பதினைந்து சதவீத விளைச்சல் போகும், காய் சிறுக்கும், ருசி மட்டும் கூடும். பீன்ஸ் பக்கமே போகாதீர்கள், பாதி போய்விடும். வெங்காயமும் ஏறக்குறைய அப்படித்தான். பீட்ரூட் தாராளமாக வரும். நாற்று மட்டும் நல்ல தண்ணீரில் வளரட்டும், இளசில்தான் அடி பலமாக விழும்.

கேள்வி: அப்போ போர் போட்டு ஆழத்தில் எடுத்தால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?

பதில்: அந்த மணல் பகுதியில் ஆழம் போவதுதான் வம்பு. மழைத் தண்ணீர் இலேசானது, கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலேறி வந்துவிடும். ஆழமில்லாத கிணறு, சின்ன மோட்டார், விட்டுவிட்டு இறைப்பது, இதுதான் சரி. இடமிருந்தால் பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைச் சேர்த்துக் கலந்து பாய்ச்சுங்கள்.

கேள்வி: மண்ணில் ஈரம் இருக்கிறது, ஆனாலும் கத்தரி வாடுகிறது, இலை ஓரம் கருகுகிறது. யூரியா போட்டேன் சார், கேட்கவில்லை.

பதில்: எப்படிக் கேட்கும்? மண் ஈரத்தில் உப்பு ஏற ஏற வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, இருந்தும் இல்லாத கதை. ஓரம் கருகுவது சோடியம், குளோரைடு இலையில் சேர்ந்ததால். யூரியா அதைச் சரி செய்யாது, தழையைத்தான் கிளப்பிவிடும். சாம்பல் சத்துக்குப் போடும் மியூரேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, அதை விட்டு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடுங்கள், விலை கூடத்தான்.

கேள்வி: கடைக்காரர் ஜிப்சம் போடச் சொல்கிறார்.

பதில்: மண் பரிசோதனை பார்த்தாரா? ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறி மண் இறுகிப்போன இடத்துக்கு. வெறும் உவர் மண், அதாவது உப்பு மட்டும் ஏறிய மண் என்றால் வடிகால் எடுத்து, நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பை வேருக்குக் கீழே இறக்குவதுதான் வழி.

கேள்வி: சொட்டு நீர் போட்டிருக்கிறேன், தூறல் விழுந்த மறுநாள் செடி சுணங்குகிறது, ஏன்?

பதில்: சொட்டு நீர் உப்பை ஈர வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருக்கும், சின்ன மழை அதை வேருக்கே இழுத்து வந்துவிடும். தூறல் போடும்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள், ஓடட்டும்.