"நிதி இல்லை, ஆள் இல்லை" என்று சொல்லி அரசு அமைப்புகள் தெருத் தூய்மையையும் காப்பகக் குழந்தைகளின் பாதுகாப்பையும் தட்டிக்கழிக்க முடியுமா?

முடியாது. இவை இரண்டும் சட்டம் சுமத்திய கடமைகள். வசதி இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்ற இடமே அவற்றில் இல்லை.

மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், திறந்த சாக்கடையும் மலக்கழிவும் சாராய ஆலையின் கழிவுநீரும் சேர்ந்து நாறியதைப் பொறுக்க மாட்டாத ஒரு வட்டாரத்து மக்கள், பொதுத் தொல்லைகளை அகற்ற உத்தரவிட வழிசெய்யும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) முறையிட்டனர். நடுவரின் உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன நகராட்சி, கையில் பணமில்லை என்று வாதாடியது. 1980 ஜூலையில் தீர்ப்பெழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்க மறுத்து, ஆறு மாதத்துக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பொதுக் கழிப்பறைகள் கட்ட வேண்டும், தண்ணீர் வசதி செய்ய வேண்டும், காலையும் மாலையும் துப்புரவுப் பணி நடக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பிரிவு இன்று, பழைய நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் அதன்கீழ் மனு கொடுக்கலாம். எங்கள் தெருச் சாக்கடைக்காக மனு எழுதியபோது, அடைப்பு எந்தக் கதவெண்ணில் தொடங்குகிறது, கழிவுநீர் யார் யார் வாசலில் தேங்குகிறது, முந்தைய புகாரின் ஒப்புகைச் சீட்டு எண் என்ன என்பதையெல்லாம் குறிப்பிட்ட பிறகே ஆட்கள் வந்தார்கள்.

காப்பகக் குழந்தையின் நிலை இன்னும் கவலைக்குரியது. ரத்லத்தில் வாசலில் நாற்றமெடுத்ததால் ஊர் திரண்டது. சுற்றுச்சுவருக்குள் அடிவாங்கும் குழந்தைக்காக மனு எழுத அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. அதனால்தான் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், புகார் வரட்டும் என்று காத்திராமல் அதிகாரிகளே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது. குழந்தைகள் நலக் குழு மாதம் இருமுறையாவது இல்லங்களை ஆய்வு செய்ய வேண்டும். அதுபோக, ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் உட்பட மூவருக்குக் குறையாத ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் சென்று, ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போய், காப்பாளர் பக்கத்தில் நிற்க, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வருவதை ஆய்வு என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும். சமையலறையையும், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியையும், தாழ்ப்பாளையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007இல் பதிவான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம்தான் தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் பதிவு செய்யவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கவும் அது உத்தரவிட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் எத்தனை பிள்ளைகள் அந்த இல்லங்களிலேயே வளர்ந்து வெளியேறியிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் ஆறவில்லை.

ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்வதாகத் தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். உங்கள் மாவட்டத்து இல்லங்களின் பதிவு நிலை, ஆய்வுக் குழு கடைசியாகச் சென்ற தேதிகள், அறிக்கைமீது எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். குழந்தைகளின் பெயரையோ அடையாளத்தையோ மட்டும் கேட்காதீர்கள். அவற்றை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது.